டம்மி டக் முடிந்து நாடி 118: ‘வலிதான்’ என்று எழுதிவிடாதீர்கள்

போன வாரம் ரவுண்ட்ஸில் ஒரு பயிற்சி மருத்துவரின் குறிப்பைப் பார்த்தேன். டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி, தசையை இறுக்கும் அறுவை) முடிந்து இரண்டாம் நாள், நாடி 116. பக்கத்தில் ‘வலி, பதற்றம்’ என்று எழுதியிருந்தார். 15 வருடம் முன்பு நான் எழுதிய அதே இரண்டு சொற்கள். நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டுத்தான் அந்தப் பயிற்சி மருத்துவரிடம் பேசினேன். தையல், கட்டு மாற்றுவதெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். இங்கே அதற்குள் போகவில்லை, தவிர்க்க வேண்டிய தவறுகள் மட்டும்.

வேகமான நாடியை வலிக் கணக்கில் சேர்ப்பது

அன்று எனக்கு வாய்த்த நோயாளி 40 வயது தாண்டிய பெண். மூன்றாம் நாள் நாடி 118. வலி மாத்திரையைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவில் மூச்சுத் திணறல். சிடி எடுத்தால் நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி. பிழைத்துக்கொண்டார். அதில் என் பங்கு ஒன்றுமில்லை. ஆக்சிஜன் அளவு இறங்குவதைப் பார்த்து எல்லோரையும் எழுப்பிய நைட் டூட்டி நர்ஸின் வேலை அது.

வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். அதன்மேல் பெல்ட்டை இறுக்குகிறோம், இடுப்பை மடக்கிப் படுக்க வைக்கிறோம். காலிலிருந்து இரத்தம் மேலேறுவது மந்தமாகி, சிரைக்குள் உறைகிறது. கூடவே, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனும் செய்தால் ஆபத்து இன்னும் அதிகம். இதில் வீட்டார் வேறு, “ஆபரேஷன் பண்ண உடம்பு, அசையக் கூடாது” என்று சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவருவார்கள். அவர்களோடு சண்டை போட்டாவது அன்று மாலையே நடக்க வையுங்கள், கூனிக்கொண்டு நடந்தாலும் சரி.

அறுவைக்கு முன்பே, இரத்தம் உறையும் ஆபத்தைக் கணிக்கும் காப்ரினி மதிப்பெண் போடுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா, குடும்பத்தில் யாருக்காவது காலில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று வாயால் கேளுங்கள். படிவத்தில் பாதிப் பேர் எழுதுவதில்லை. நாடி 100-க்கு மேலேயே நின்றாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காரணம் தெரியும்வரை டிஸ்சார்ஜ் கிடையாது. வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் ஆபத்து உண்டு.

லிடோகெய்ன் கொடுத்த அன்றே மறந்துவிடுவது

லைபோசக்‌ஷனில் மரத்துப்போகச் செய்யக் கொழுப்புக்குள் செலுத்திய லிடோகெய்ன் இரத்தத்தில் உச்சம் தொட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். மாலையில் சிரித்துக்கொண்டே போனவருக்கு நள்ளிரவில் நாக்கு மரத்து, காது இரையலாம். அந்த நேரத்தில் போனை எடுங்கள்.

பிட்டத்தில் கொழுப்பு நிரப்புவது

தசைக்குள் ஊசி போகவே கூடாது. அங்குள்ள சிரை கிழிந்தால் கொழுப்பு நேராக நுரையீரலுக்குத்தான் போகும். 3000 பேரில் ஒருவர் வரை இறப்பதாகப் பிளாஸ்டிக் சர்ஜன் சங்கங்கள் 2018-இல் எச்சரித்தன. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் தசைக்குள் செலுத்தத் தடை போட்டது.

லைபோசக்‌ஷனில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சி, அன்றே வீட்டுக்கு அனுப்புவது

வேண்டாம்.

புகைப்பவருக்கு டம்மி டக்குக்கு உடனே தேதி கொடுப்பது

நான்கு வாரம் நிறுத்தட்டும். இல்லையென்றால் தொப்புளுக்குக் கீழே தோல் கறுத்துப்போகும்.

ஹெர்னியா (குடலிறக்கம்) இருக்கிறதா என்று பார்க்காமல் வயிற்றில் கொழுப்பு உறிஞ்சும் குழாயை விடுவது

குடலில் துளை விழும். முந்தின நாள் நிற்க வைத்து, இருமச் சொல்லி, கை வைத்துப் பாருங்கள்.