எந்த துணிக்கு எந்த ஊசி, எந்த நூலு, எந்த பேப்பரு: எம்ப்ராய்டரி மிஷின் புதுசா வாங்குனவங்களுக்கு

உச்சிப்புளியில ஒரு பொண்ணு புதுசா எம்ப்ராய்டரி மிஷின் வாங்கி வீட்டுலயே தொழில் பண்ணுது. ஒருநா ராத்திரி ஒம்போது மணிக்கு போன். "யக்கா, மிஷின் போச்சுக்கா, பத்து தையல் ஓடுது நூலு அந்துருது, டென்ஷன கூட்டிப் பாத்தேன் கொறச்சுப் பாத்தேன், மெக்கானிக்கு வந்து காச வாங்கிட்டு போயிட்டாரு, அப்பவும் அதேதான்."

"ஊசி எப்ப மாத்துன?"

"மிஷினோட வந்த ஊசிதான்க்கா கெடக்கு."

"மிஷின் எப்ப வந்துச்சு?"

"ரம்ஜானுக்கு முன்னாடி."

நாங்க பேசிட்டு இருந்தது பக்ரீத்தெல்லாம் முடிஞ்சு. யாத்தே, அது ஊசியே இல்லடி ஆணின்னேன். இது அந்த பொண்ணு மட்டும் பண்ற தப்பு இல்ல, மண்டபம் ஊருல நான் கடை போட்ட புதுசுல நானும் அப்படித்தான் இருந்தேன், லட்சக்கணக்குல மிஷினுக்கு குடுத்துட்டு ஒரு டீ காசு ஊசிய மாத்த மனசு வராது. நூலு அந்தா மொத சந்தேகம் ஊசி மேல, ரெண்டாவது நூலு போற வழியில எங்கயாச்சும் சிக்கிருக்கா, அதுக்கப்பறமும் சரியாகலன்னாத்தான் டென்ஷன்ல, அதான் நூல டைட்டா லூசா வைக்கிற எடத்துல, கை வைக்கணும். நம்மாளுக எல்லாம் தலகீழா பண்ணுவோம், மொதல்லயே டென்ஷன் திருகாணிய திருகி விட்டுட்டு அப்பறம் அது எங்க இருந்துச்சுன்னு தெரியாம முழிப்போம்.

8 மணி நேரம் ஓடுனா ஊசி மாத்தணும்னு பொதுவா சொல்லுவாங்க. 8 மணி நேரம்னா மிஷின் ஓடுன நேரம், கடை தொறந்திருந்த நேரம் இல்ல. ஆனா நம்ம கடக்கரையில இந்த கணக்கு மட்டும் பத்தாது, இங்க உப்புக்காத்துல கதவு கொண்டியே துருப்பிடிச்சு உதிருது, ஊசியெல்லாம் எம்மாத்திரம். ஊசி மேல உள்ள முலாம் முனையிலயும் நூல் கோக்குற கண்ணுகிட்டயும்தான் மொதல்ல தேயும், அந்த எடத்துல கண்ணுக்கு தெரியாத சொரசொரப்பு வந்தாலே நூல பிசிறு பிசிறா உரிச்சுரும். ஊசிய கழட்டி முனைய கட்டவெரல் நகத்து மேல லேசா இழுத்துப் பாருங்க, வெள்ளையா கோடு விழுந்தா முனை மடங்கிருச்சு, தூக்கிப் போட்ருங்க. வளஞ்சிருக்கான்னு பாக்க, வீட்டு மிஷின் ஊசியா இருந்தா தட்டைப் பக்கம் கீழ வர்ற மாதிரி செல்போன் கண்ணாடி மேல படுக்க வச்சு பக்கவாட்டுல கண்ண வச்சுப் பாருங்க, ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல உள்ள சந்து ஒரே சீரா இருக்கணும். சத்தத்த வச்சும் சொல்லலாம், நல்ல ஊசி துணிக்குள்ள போற சத்தமே தெரியாது, மொட்டை ஊசி டொப் டொப்புன்னு குத்தும், நாளாக நாளாக காதே சொல்லிரும்.

நம்பர் சமாச்சாரத்துக்கு வருவோம். பாக்கெட்ல 75/11னு போட்டிருக்கும்ல, அதுல 75ங்கிறது ஊசித் தண்டோட தடிமன், 0.75 மில்லிமீட்டர். 11ங்கிறது அதே ஊசிக்கு இன்னொரு கணக்குல உள்ள பேரு, கடையில நம்ம கேக்குறது இந்த நம்பரத்தான். 65/9 மெல்லிசு, 90/14 தடிசு. எம்ப்ராய்டரிக்கு முக்காவாசி வேல 11லயே முடிஞ்சிரும். வீட்டு மிஷின் ஊசிக்கு மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையா இருக்கும், பெரிய மிஷினுக்கு முழுசா உருண்டையா இருக்கும், அது டிபிஎக்ஸ்கே5ன்னு வரும். இதுல ஒரு வெவகாரம் இருக்கு, தையக்கடை பவர் மிஷினுக்கு போடுற டிபிஎக்ஸ்1 ஊசியும் பெரிய எம்ப்ராய்டரி மிஷின்ல போய் உக்காந்துரும், தைக்கவும் செய்யும், ஆனா அதோட கண்ணு சின்னது, எம்ப்ராய்டரி நூலு அதுல ஒரசி ஒரசி அந்துரும். கே5க்கு கண்ணு பெருசு. அவசரத்துக்கு பக்கத்து டெய்லர்கிட்ட ஊசி கடன் வாங்குறவங்க இத ஞாபகம் வச்சுக்கங்க.

முனையிலயும் ரெண்டு ஜாதி. ஷார்ப் முனை நெசவு நூலக் குத்திக்கிட்டு போகும், பாப்ளின், பட்டு, ஜீன்ஸ், அபாயா துணி எல்லாத்துக்கும் இதுதான். பால் பாயிண்ட் முனை லேசா உருண்டையா இருக்கும், நூலக் குத்தாம ஒதுக்கி விட்டுட்டு எறங்கும். பனியன் துணி, டீசர்ட், ஜெர்சி எல்லாம் நெசவு இல்ல, கண்ணி கண்ணியா கோத்து வச்சது, நம்ம மீன் வலை மாதிரின்னு வச்சுக்கங்களேன், ஷார்ப் ஊசி ஒரு கண்ணிய வெட்டுச்சுன்னா அன்னைக்கு தெரியாது, நாலு தடவ தொவச்ச பெறகு லோகோவ சுத்தி ஓட்டை ஓட்டையா விரியும், கஸ்டமரு வந்து நிப்பாரு.

நூலு. சாதாரணமா எம்ப்ராய்டரி நூலுன்னு கேட்டா குடுக்குறது 40 நம்பரு, கோன்ல 120/2ன்னு போட்டிருக்கும். ஊசியில நம்பர் கூடுனா தடிசு, நூலுல நம்பர் கூடுனா மெல்லிசு, இது எவன் வச்ச கணக்கோ. 40 நூலுக்கு 11 ஊசி, 60 நூலுக்கு 9 ஊசி, ஜிகினா நூலுக்கு 14 ஊசி, அம்புட்டுதான். ரேயானா பாலியஸ்டரான்னு கேட்டீங்கன்னா, ரேயான்ல ஒரு தனி மினுமினுப்பு இருக்கு, நான் இல்லன்னு சொல்லல, ஆனா ரேயான் ஈரம் பட்டா பலம் கொறயும், பிளீச்சிங் பட்டா சாயம் போயிரும். ஸ்கூல் யூனிபார்ம், ஜெர்சி, துண்டுன்னு அடிக்கடி தொவைக்கிற உருப்படிக்கெல்லாம் நான் பாலியஸ்டர்தான் போடுறது, ரேயான் கல்யாண பிளவுஸுக்கு மட்டும். பழைய கோனா இருந்தா ஒரு மொழம் நூல ரெண்டு கையில பிடிச்சு வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, சுளுவா அந்துச்சுன்னா மிஷின்ல போட்டு ஏன் சீரழியணும்.

ஜிகினா நூலு போடுறப்ப மட்டும் மிஷின நடக்க விடுங்க, ஓட விடாதீங்க. நிமிஷத்துக்கு 500, 600 தையலுக்கு மேல போகாம, மேல் டென்ஷனையும் கொஞ்சம் தளத்திக்கங்க. உள்ள ஒரு நூலு அத சுத்தி மெல்லிசா தகடு, அதான் ஜிகினா. சின்ன கண்ணுல வேகமா இழுத்தா தகடு உரிஞ்சு ஊசிக்கு மேலயே சுருண்டு நிக்கும். டென்ஷன் சரியா இருக்கான்னு பாக்க பின்பக்கத்த திருப்புங்க, பட்டையா தச்ச எடத்துல நடுவுல மூணுல ஒரு பங்கு பாபின் நூலு, அதான் அடியில இருந்து வர்ற நூலு, வெள்ளையா தெரியணும், ரெண்டு ஓரமும் மேல் நூலு. வெள்ளையே தெரியலன்னா மேல் நூலு லூசு, முழுக்க வெள்ளையா இருந்தா மேல் நூலு டைட்டு.

மறுநா அந்த பொண்ணே கூப்புட்டுச்சு. "யக்கா ஊசி மாத்துனேன், நூலு இப்ப அந்து போறதே இல்ல. ஆனா டீசர்ட்டு சுருங்குதுக்கா."

"அடியில என்ன பேப்பர் வச்ச?"

"பேப்பரா?"

சரி, பேப்பர். ஒவ்வொரு தையலும் துணிய ஒரு நூல் அளவு உள்ள இழுக்கும், நெஞ்சுல ஒரு சின்ன லோகோன்னாலே ஆயிரக்கணக்குல தையல், அத்தன இழுப்பையும் தாங்குறது துணி இல்ல, அடியில வைக்கிற பேப்பர்தான். மூணு வகை, கிழிக்கிறது, வெட்டுறது, கரையுறது. கடையில டியர் அவே, கட் அவே, வாட்டர் சால்யுபிள்னு கேளுங்க. இங்கன பக்கத்துல கெடைக்காம மதுரைக்கு போறவங்க ரோலா வாங்கிட்டு வந்துருங்க. கிழிக்கிற பேப்பர் இழுபடாத துணிக்கு, தச்சு முடிச்சு கிழிச்சு எடுத்தா பின்பக்கம் சுத்தமா இருக்கும். ஆனா ஊசி குத்துன எடமெல்லாம் ஓட்டையாகித்தான அது கிழியுது, அதனால அதுக்கப்பறம் அதுல ஒரு பலமும் இல்ல. வெட்டுற பேப்பர் கிழியாது, டிசைன சுத்தி கால் இஞ்சு விட்டு கத்தரியில வெட்டுவோம், மிச்சம் துணியோடயே காலத்துக்கும் கெடக்கும். இழுத்தா நீளுற துணின்னா கண்ண மூடிக்கிட்டு வெட்டுற பேப்பர்தான்.

இத நான் படிச்சது காசு குடுத்து. ஒரு கபடி டீமு 14 ஜெர்சி குடுத்தாங்க, முதுகுல நம்பரு, நெஞ்சுல ஊர் பேரு. நான் கிழிக்கிற பேப்பர் ஒரு அடுக்கு வச்சு, துணிய பிடிக்கிற ரிங்க்ல தவுலு மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டி ஓட்டுனேன், ரிங்க்ல இருக்க வரைக்கும் அப்படியே அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சு. கழட்டுன ஒடனே துணி பழைய அளவுக்கு திரும்பிருச்சு, தையல் திரும்புமா? 8ம் நம்பரு ஜெர்சி காஞ்ச முண்டு மிளகா மாதிரி சுருங்கிப் போச்சு. 14ம் என் செலவுல புதுசா வாங்கி தச்சுக் குடுத்தேன். இப்பவெல்லாம் ஜெர்சிக்கு வலை மாதிரி மெல்லிசா இருக்கற மெஷ் கட் அவே ரெண்டு அடுக்கு, ஒண்ணு நெடுக்க ஒண்ணு குறுக்க. ரிங்க்ல பேப்பரத்தான் விறைப்பா கட்டணும், துணிய சுருக்கம் இல்லாம இருக்கற அளவுக்கு சும்மா படிய விட்டா போதும். ஊசி 11 பால் பாயிண்ட்.

அபாயா துணி வேற மாதிரி தலவலி. அபாயா தைக்கிற நிதா துணி நீளாது, ஆனா மெல்லிசு, கறுப்பு, குத்துன ஓட்டை மூடாது. கீழக்கரையில இருந்து ஒரு லாத்தா கையில பூ வேல பண்ணக் குடுத்தாங்க, நான் ஜிகினாவுக்கு போட்ட 14 ஊசிய மாத்தாம அதுலயே சாதா நூலையும் ஓட்டிட்டேன். அவங்க வந்து ஒண்ணும் பேசல, கைய மட்டும் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சாங்க. பூவ சுத்தி பொடிப் பொடியா வெளிச்சம். "என்னம்மா, பூவோட சல்லடையும் சேத்து தச்சிருக்க?" ன்னாங்க. அதுல இருந்து நிதாவுக்கு 9 ஷார்ப், அதுல 40 நூலு பிசிறுச்சுன்னா 10, ஜிகினா வேணும்னா அடர்த்தி கொறஞ்ச டிசைன். பேப்பர் கறுப்பு கலர் மெஷ் வாங்குங்க, வெள்ள பேப்பர் வச்சா கை மடங்குற எடத்துல எட்டிப் பாக்கும்.

நெட்டு, ஆர்கன்சா துப்பட்டாவுக்கெல்லாம் கரையுற பேப்பர், அதுலயும் பிளாஸ்டிக் மாதிரி இருக்கறது இல்ல, துணி மாதிரி இருக்கறது ரெண்டு அடுக்கு. டிசைன் லேசா இருக்கணும், ஜெர்சிக்கு வச்ச அடர்த்தியான லோகோவ ஆர்கன்சாவுல போட்டா ஓரமெல்லாம் அந்து லோகோ தனியா கையில வந்துரும். அலசும்போது நம்ம ஊர் போர் தண்ணியில அலசாதீங்க, அது உப்புத் தண்ணி, காஞ்ச பெறகு கறுப்பு துணியில வெள்ள வெள்ளயா பூத்து நிக்கும். காவிரி தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு வாளி எடுத்து வச்சுக்கங்க. ரெண்டு தண்ணி மாத்தி அலசுங்க, இல்லன்னா கஞ்சி போட்ட மாதிரி விறைச்சு நிக்கும்.

பட்டு பிளவுஸ்னா 10 இல்ல 11 ஷார்ப், புது ஊசி. பட்டுல ஊசி குத்துன தடம் போகவே போகாது, பிரிச்சுத் தைக்கலாம்ங்கிற பேச்சே கெடையாது, அதனால அதே மாதிரி ஒரு துண்டுல ட்ரையல் ஓட்டாம பட்டுல கை வைக்காதீங்க. வெல்வெட்ட ரிங்க்ல மாட்டவே கூடாது, தடம் பதிஞ்சு போயிரும். கட் அவேய மட்டும் ரிங்க்ல கட்டி, அது மேல ஒட்டுற ஸ்பிரே அடிச்சு வெல்வெட்ட படுக்க வச்சு, மேல கரையுற பிளாஸ்டிக் பேப்பர் ஒண்ணு போத்திருங்க, அப்பத்தான் தையல் முடிக்குள்ள முங்காது. தங்கச்சிமடத்துல இருந்து சர்ச் கொடி ஒண்ணு வந்தப்ப இப்படித்தான் தச்சேன். தேங்காப்பூ துண்டுக்கும் மேல அதே பேப்பர்தான். காட்டன், பாப்ளினுக்கு 11 ஷார்ப், கிழிக்கிற பேப்பர், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. ஜீன்ஸுக்கு 14.

தமிழ் எழுத்து தைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இங்கிலீஷ் எழுத்து சின்னதா தைக்கிற அளவ தமிழுக்கு வைக்காதீங்க, நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி. ண, ஞ, ஐ எல்லாம் சின்னதா போட்டா சுழி அடஞ்சு கொசு அடிச்ச மாதிரி ஆயிரும். என் கையில 40 நூலு போட்டா 8 மில்லி ஒசரத்துக்கு கீழ போறதில்ல, அதவிட சின்னதா கேட்டா 60 நூலு, 9 ஊசி, அடர்த்தியும் அந்த மெல்லிசு நூலுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். சுழி நடுவுல துணி தெரியணும், தெரியலன்னா ணவும் னவும் ஒண்ணுதான்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடை, விசைப்படகுக கடலுக்கு போகாது, கையில காசு ஓடாது, நமக்கும் ஆர்டர் படுத்துரும். நான் ட்ரையல் எல்லாம் அந்த 61 நாளுலதான் ஓட்டுறது, ஒரு நோட்டுல துண்டு துணிய ஒட்டி பக்கத்துல ஊசி நம்பர், நூலு, பேப்பர் எத்தன அடுக்குன்னு எழுதி வச்சிருவேன், சீசன்ல எடுத்துப் பாத்தா யோசிக்கவே வேண்டாம்.

ஊசி, ஜிகினா நூலு, கரையுற பேப்பர் மூணையும் வெளிய போட்டு வைக்காதீங்க. பேப்பர் ஈரக்காத்துல பிசுபிசுன்னு ஒட்டிக்கும், ஜிப் கவர்ல காத்து போகாம மூடுங்க. ஊசிய நான் மூடி டைட்டா இருக்கற எவர்சில்வர் டப்பாவுல போட்டு, புது பேக்கு, செருப்பு டப்பாவுல எல்லாம் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு அடுப்படி செல்ஃபுல வச்சிருக்கேன். முந்தாநா எம் மகன் முறுக்கு டப்பான்னு நெனச்சு தொறந்துட்டு அப்படியே மூடி வச்சுட்டு போனான்.