கிரில்டு சீஸ் சாண்ட்விச்: எந்த பிரெட், எந்த சீஸ், மேலே எதைத் தடவுவது?

இதில் போடுவதே மூன்று பொருள்தான். அதில் ஒன்று சொதப்பினாலும் மறைக்க வேறு எதுவும் இல்லை. அதனால் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

1. பிரெட்

ஓட்டை இல்லாத, நெருக்கமான பிரெட் போதும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போனால் வெளியே சிவந்தும் உள்ளே சூடு போயிருக்காது. சவர்டோ (புளித்த மாவில் செய்யும் பிரெட்) ருசிதான், ஆனால் ஓட்டை வழியே சீஸ் ஒழுகித் தவாவில் கருகும். இனிப்பு பிரெட் வேண்டாம், சட்டென்று கறுத்துவிடும்.

2. சீஸ்

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ருசியைப் பார்த்து வாங்குகிறோம். உருகுமா என்று பார்ப்பதில்லை. பனீர், ஹலூமி இரண்டும் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. மொசரெல்லா அழகாக நூல் விடும், ருசி மட்டும் மந்தம். (தண்ணீரில் மிதக்கிற மொசரெல்லா உருண்டையை இதற்கு எடுக்காதீர்கள், பிரெட் ஊறிப்போகும்.) நன்றாக முதிர்ந்த செடாருக்கு ருசி தூக்கல், ஆனால் சூடு பட்டால் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரியும். சீஸ் முதிர முதிர அதிலுள்ள புரத வலை சிதைந்துகொண்டே வரும். அப்புறம் கொழுப்பைப் பிடித்து வைக்க அதனால் முடியாது.

வழி எளிது. முதிர்ந்த செடாரைத் துருவி, கூடவே ஒரு பிராசஸ்டு சீஸ் ஸ்லைஸ் வையுங்கள். பிராசஸ்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அதில் சேர்க்கும் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள்தான் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கின்றன. பக்கத்தில் இருக்கும் செடாரும் அதோடு சேர்ந்து வழுவழுவென்று உருகும். நூல் இழுக்க வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி மொசரெல்லா சேர்க்கலாம், எனக்கு அது அவசியமில்லை.

பாக்கெட்டில் துருவியே வரும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். உருகினாலும் நறநறவென்று இருக்கும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள்.

3. வெண்ணெயா, மயோனைஸா?

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. மீதி நீரும் பாலின் திடப்பொருளும். அந்த வாசனை வருவதும் திடப்பொருளால்தான், முதலில் கருகுவதும் அதுதான். மயோனைஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஓரம் வரை சீராகத் தடவலாம், நிறமும் ஒரே மாதிரி வரும், வாசனைதான் இல்லை. நான் பிரெட்டின் வெளிப்பக்கம் மெல்லிசாக மயோனைஸ் தடவி, தவாவில் சின்னத் துண்டு வெண்ணெய் போடுகிறேன். ஒன்றுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு வெண்ணெய்க்கு.

4. சூடு

அடி கனமான தவா, சிம், மேலே ஒரு மூடி. முதல் பக்கத்துக்கு நான்கு நிமிடம் வரை ஆகும். லேசான சுர்ர் சத்தம் கேட்டால் சரி; புகை கிளம்பினால் இறக்கி ஆறவிட்டுத் தொடருங்கள். திருப்பிப் போட்டதும் மூடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும்.

பின்சேர்க்கை: தக்காளி வைத்தால் சொதசொதவென்று ஆகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். விதையை எடுத்துவிட்டு, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, துணியில் ஒற்றுங்கள். பிரெட் மேல் நேராக வைக்காமல் இரண்டு அடுக்கு சீஸுக்கு நடுவே வையுங்கள். சுட்டதும் தட்டில் போடாமல் கம்பி வலைமேல் ஒரு நிமிடம் வைத்து அப்புறம் வெட்டினால் அடிப்பக்கமும் நமத்துப் போகாது.