ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து ஃபில்டர்களைக் கேளுங்கோ

திருவிழாவில் தவில் நடக்கும்போது கோயிலின் பின் ஒழுங்கையில் நின்றால் தொப்பிப் பக்கத்து அடி மட்டும்தான் மதில் தாண்டி வரும். வாசலை நெருங்க நெருங்க வலந்தலையில் விழும் விரல்கூட்டின் சத்தமும் துலங்கும். சிந்தசைசரில் கீழ் அலைகளை விட்டு மேல் அலைகளைக் குறைக்கும் அனலொக் லோபாஸ் ஃபில்டரின் கட்ஆஃப் குமிழை, அதாவது எதற்கு மேலே குறைப்பது என்ற எல்லையை, திருப்பும்போது நடப்பதும் இதுதான், ஆனால் ஒவ்வொரு ஃபில்டரும் ஒவ்வொரு விதமாகத் திறக்கும். அந்த வித்தியாசம் கேட்க வேணுமென்றால் முதலில் எல்லாவற்றின் கட்ஆஃபையும் ஒரே இடத்தில் நிறுத்துங்கோ.

குமிழைச் சுற்றி எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். கரண்ட் போட்டு அரை மணித்தியாலம் விட்டபிறகு ரெசொனன்ஸை (கட்ஆஃப் அருகே உள்ள அலைகளைத் தூக்கிவிடும் குமிழ்) முழுக்க ஏற்றினால் பல ஃபில்டர்கள் தாமாகவே ஊதத் தொடங்கும்; அந்த ஊதலை ட்யூனரில் 880 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து, கட்ஆஃபைத் தொடாமல் ரெசொனன்ஸை மட்டும் சுழியத்துக்கு இறக்குங்கோ. 1974இல் வந்த ஓபர்ஹைம் எஸ்.இ.எம் சிந்தசைசரின் ஃபில்டர் போன்றவை தாமாக ஊதாது. அவற்றுக்கு 110 ஹெர்ட்ஸ் சோடூத் அலையைக் கொடுத்து, ரெசொனன்ஸை ஏற்றி, கட்ஆஃபை மெல்ல நகர்த்தினால் அந்த அலைக்குள் இருக்கும் 110இன் மடங்குகள், அதாவது ஹார்மோனிக்குகள், ஒவ்வொன்றாக எழும்பிக் கேட்கும், எட்டாவது எழும்பும் இடம்தான் 880.

இப்போது அதே சோடூத்தை எல்லாவற்றுக்கும் கொடுங்கோ. வெளியே வரும் சத்தத்தின் அளவைச் சமப்படுத்த மறக்க வேண்டாம், கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பது நல்லதென்று காது ஏமாந்துவிடும்.

1969இல் காப்புரிமை கிடைத்த மோக் சிந்தசைசரின் லேடர் ஃபில்டர், கட்ஆஃபுக்கு மேலே ஒரு ஒக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் தூரம்) 24 டெசிபல் இறக்கும், எஸ்.இ.எம் 12தான். அதனால் மோக் மூடியது போலவும் மற்றது மூச்சு விடுவது போலவும் இருக்கும். பிறகு ரெசொனன்ஸைப் பாதிவரை ஏற்றுங்கோ. லேடரில் அடிச்சத்தம் மெலியும், ஏனென்றால் திருப்பி ஊட்டப்படும் சிக்னல் கீழ் அலைகளைக் கழிக்கிறது, எஸ்.இ.எம்மில் அடி அப்படியே நிற்கும். பேஸ் வாசிக்கிற ஆளுக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் இல்லை என்பேன்.

அடுத்தது உள்ளே போகும் சிக்னலை ஏற்றிப் பார்ப்பது, பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 1978இன் கோர்க் எம்.எஸ்-20 வகை ஃபில்டரில், திருப்பி ஊட்டும் பாதையில், சிக்னலின் உச்சியை வெட்டும் டயோடுகள் இருக்கின்றன, ரெசொனன்ஸோடு சேர்த்துத் தள்ளினால் அலறும், கிழியும். லேடர் அதே இடத்தில் தடித்து உருண்டு வரும்.

புக்லா சிந்தசைசர் வகை லோபாஸ் கேட்டை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அதற்குள் ஒளிக்குப் பதில் சொல்லும் ரெசிஸ்டர் மெதுவாகத்தான் அடங்கும், சத்தமும் துலக்கமும் ஒன்றாக விழும். அதை ஒரு சின்ன மின் துடிப்பால் தட்டித்தான் கேட்க வேணும்.

கடைசியாக, வீட்டில் யாரையாவது கேபிளை மாற்றச் சொல்லிவிட்டு, ஃபில்டர்கள் பூட்டிய ராக்குக்கு முதுகு காட்டி இருந்து எது எதுவென்று சொல்லிப் பாருங்கோ.