ஸ்காட்ச் பாட்டிலில் இரண்டு பெயர் இருந்தால்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

ஸ்காட்லாந்தின் வடக்கே எல்ஜின் என்று ஒரு சிறிய ஊர். 1895-இல் அங்கே மளிகையும் மதுவும் விற்கும் கடையாகத் தொடங்கியதுதான் கார்டன் அண்ட் மெக்ஃபைல். அதே வருடம் தொழில் பழக வந்து சேர்ந்த பையன் ஜான் அர்க்கார்ட். பிற்பாடு கடை அவர் குடும்பத்தின் கைக்கே வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. இவர்கள் தொழில் எளிமையானது, பொறுமை மட்டும் நிறைய வேண்டும். 2023 வரை, தாங்கள் தேர்ந்தெடுத்த பீப்பாயை மற்றவர்களின் டிஸ்டிலரிக்கு, அதாவது விஸ்கி வடிக்கும் ஆலைக்கு அனுப்பி, புதிதாக வடித்ததை நிரப்பி வாங்கினார்கள். வருடக்கணக்கில் ஊறவிட்டுத் தங்கள் பெயரில் பாட்டிலில் அடைப்பார்கள்.

அதனால்தான் லேபிளில் வடித்தவர் பெயர் ஒன்று, அடைத்தவர் பெயர் ஒன்று. டிஸ்டிலரியின் பெயரை மட்டும் பார்த்து, வழக்கமாகக் குடிக்கும் அதே ருசியை எதிர்பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. சரக்கு ஒன்றாக இருக்கலாம், பீப்பாய் வேறு. ருசியில் பெரும்பங்கு மரத்துக்குத்தான்.

அடுத்தது வயது. ‘12’ என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருப்பவற்றில் ஆகச் சிறியதன் வயது அது, சராசரி அல்ல. பாட்டிலில் அடைத்த பிறகு வயது கூடுவதும் இல்லை. அலமாரியில் இருபது வருடம் வைத்திருந்தாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதான். வயது ஏறினால் ருசியும் ஏறும் என்று நம்புவதும் சரியில்லை. மோசமான பீப்பாயில் முப்பது வருடம் கிடந்தால் மரக்கசப்பு மட்டுமே மிஞ்சும். பீப்பாயில் கிடக்கக் கிடக்க ஆல்கஹாலும் குறையும், அது 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே சட்டம் விடாது. இதே குடும்பம் 1940 பிப்ரவரியில் நிரப்பிய கிளென்லிவெட் டிஸ்டிலரியின் பீப்பாய் ஒன்றை எண்பது வருடம் கழித்து அடைத்தபோது 44.9 சதவீதம் இருந்தது. எல்லாப் பீப்பாய்க்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

சொற்களில்தான் இன்னும் பெரிய குழி. ‘பிளெண்டட் மால்ட்’ வேறு, வெறும் ‘பிளெண்டட்’ வேறு. முன்னதில் பல டிஸ்டிலரிகளின் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி மட்டுமே இருக்கும். பின்னதில் மால்ட்டோடு, கோதுமை, சோளம் போன்ற தானியங்களும் சேர்த்து வடிக்கும் கிரெய்ன் விஸ்கியும் சேரும். ‘சிங்கிள் மால்ட்’ என்றால் ஒரே பீப்பாய் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒரே டிஸ்டிலரி என்பதுதான் பொருள். நூறு பீப்பாய்கள்கூடக் கலந்திருக்கலாம். ஒரே பீப்பாய் வேண்டுமென்றால் ‘சிங்கிள் காஸ்க்’ என்று தேட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கள் பெயரை வெளியார் போடக்கூடாது என்று நினைக்கும் டிஸ்டிலரிகள், பீப்பாயை விற்கும்முன் இன்னொரு மால்ட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிடும். அத்தோடு அது சட்டப்படி பிளெண்டட் மால்ட்! கலப்பு என்று முகம் சுளிப்பவர்கள் நல்ல பாட்டிலைத் தவறவிடுவது இப்படித்தான்.

நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருப்பது பெரும்பாலும் பலமுறை பயன்பட்ட பீப்பாயில் ஊறியது, அவ்வளவுதான்.

ஒருமுறை நண்பர் வீட்டில், 46 சதவீதப் பாட்டிலைத் திறந்து ஐஸ் போட்டதும் கிளாஸ் புகைபோல் மங்கியது. போலிச் சரக்கு என்று கொட்டப் போனார், நானும் தலையாட்டினேன். உண்மையில் அது குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி. எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்கள் உள்ளேயே இருப்பதால் குளிர்ந்ததும் மங்கும். கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

பாட்டிலைப் படுக்கவைக்காதீர்கள், ஒயின் இல்லை இது. கார்க்கைச் சாராயம் அரித்துவிடும்.

கடைசியாக, பீப்பாயையே முதலீடாக வாங்கச் சொல்லி வரும் அழைப்புகள். அழகாக அச்சடித்த சான்றிதழை உரிமைப் பத்திரம் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் உண்டு. பீப்பாய் ஸ்காட்லாந்தில் உரிமம் பெற்ற கிடங்கில்தான் கிடக்கும். பீப்பாயை உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லிக் கிடங்குக்கு எழுதும் ‘டெலிவரி ஆர்டர்’ கடிதத்தை விற்பவர் தந்து, அந்தக் கிடங்குக்காரர் பீப்பாய் எண்ணோடு உங்கள் கணக்கில் பதிந்ததாக நேரடியாகச் சொல்லாதவரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.