இரவு 11 மணிக்கும் ஆட்டம் போடும் பிள்ளையைத் தூங்க வைப்பது எப்படி
இரவு 11 மணிக்குச் சோபாவில் குதிக்கும் பிள்ளையிடம் கத்தாதீர்கள், பாவம், பல நேரம் அது தூங்காமல் களைப்பு மிஞ்சிப்போன ஆட்டம்தான். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. முதலில் காலையைச் சரிசெய்யுங்கள்: எப்போது தூங்கினாலும் 7 மணிக்கு எழுப்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான், மதியத் தூக்கம் 3 மணிக்குள் முடியட்டும், சாயங்காலம் பார்க்கில் வியர்க்க வியர்க்க ஓடட்டும்.

அப்புறம் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், விடிவிளக்கு, ஒரு கதை, தினமும் இதே வரிசை. செல்போனை ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், உங்களுடையதையும். 11 மணியை ஒரே நாளில் 9 ஆக்க முடியாது, சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். அப்பா வேலை முடிந்து வந்து தூக்கிப்போட்டு விளையாடுவது ஆசைதான், அதைக் காலையில் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை தினமும் குறட்டை விட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.