ஈயை அடிப்பதற்கு முன் எந்த ஈ என்று பாருங்கள்

ஒருமுறை எங்கள் சமையலறையில் குட்டி ஈக்கள் பறக்க ஆரம்பித்தன. பழக்கூடைதான் காரணம் என்று முடிவு கட்டி, பழங்களையெல்லாம் எடுத்து மூடி வைத்தேன். ஒரு கிண்ணத்தில் வினிகரும் வைத்தேன். பத்து நாள் ஆயிற்று. கிண்ணத்தில் ஒன்றுகூட விழவில்லை, ஈயும் குறையவில்லை. ஒருநாள் சுவரில் உட்கார்ந்திருந்த ஒன்றை, மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் பொடி ரோமம், இறக்கை இரண்டும் அகலமாக விரிந்து, விட்டில் பூச்சியைச் சிறிதாக்கினது போல இருந்தது. அது பழத்துக்கு வருகிற ஈயே இல்லை. சிங்க் குழாய்க்குள் பிறந்து மேலே வருகிற சாக்கடை ஈ.

பலரும் தொடக்கத்தில் சறுக்குவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் ‘ஈ’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம், அதனால் வைத்தியமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். சாம்பல் நிறம், நெஞ்சின் மேல் நான்கு கறுப்புக் கோடு என்றால் வீட்டு ஈ. குப்பையையும் சாணத்தையும் தேடுங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு, சிவப்புக் கண் என்றால் பழ ஈ; புளித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று பக்கத்தில் இருக்கிறது. கொசு போல மெலிந்து கறுப்பாக, தொட்டிச் செடியின் மண்மேல் ஓடித் திரிந்தால் அது அந்த மண்ணிலேயே பிறந்தது. பச்சையும் நீலமுமாக மின்னும் பெரிய ஈக்கள் ஒரே நாளில் வீட்டுக்குள் ஏழெட்டு வந்துவிட்டதா? பரணிலோ சுவர் இடுக்கிலோ எலி செத்துக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் என்ன அடித்தாலும் வீண்.

அடுத்தது ஸ்ப்ரே. வீட்டு ஈ ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை இடும், வாழ்நாளில் அப்படிப் பல தடவை. முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். நல்ல வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கிற ஈ ஆக 7 முதல் 10 நாள் போதும். நீங்கள் இன்றைக்கு ஸ்ப்ரே அடித்துக் கொன்றது போன வாரத்து முட்டைகளை. அடுத்த வாரத்துக்கானவை ஈரக் குப்பைக்குள் பத்திரமாக நெளிந்துகொண்டிருக்கின்றன. மருந்து அங்கே போவதே இல்லை.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. டிடிடி என்ற வேதிப்பொருள் பூச்சியைக் கொல்லும் என்று 1939-இல் கண்டறிந்த சுவிஸ் வேதியியலாளர் பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு கைக்கு வருவதற்குள்ளேயே அந்த மருந்துக்கு அசையாத வீட்டு ஈக்கள் ஸ்வீடனில் தென்பட்டுவிட்டன. மருந்தில் பிழைக்கிற ஒன்றிரண்டு ஈயின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. ஈயின் ஒரு தலைமுறை என்பது நமக்கு இரண்டு வாரம்.

குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. பையை எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் தேங்கிய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பையை விரிக்கிறோமே, புழுவுக்கு அது போதும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நன்றாகத் தின்று வளர்ந்த புழு, கூட்டுப்புழு ஆவதற்கு ஈரத்தை விட்டு உலர்ந்த இடம் தேடிப் போகும். தொட்டியை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். அடியிலும் மூலையிலும் செம்பழுப்பாக, அரை அங்குலத்துக்கும் சிறியதாக, விதை போலக் கிடப்பவை அவைதான். தூசி என்று நினைத்துத் தோட்டத்து மண்ணில் உதறினால், ஈயை நாமே விதைத்த கணக்கு. பெருக்கி அள்ளி, கட்டிய பையில் போட்டு அனுப்புங்கள். குப்பையை வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதை இரண்டுமுறையாக்கினாலே புழு வளர்ந்து முடிக்க நேரம் கிடைக்காது. நாய், கோழி வளர்ப்பவர்கள் எச்சத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும்.

பழ ஈக்கு வினிகர் கிண்ணம் நல்ல பொறிதான். ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடாவிட்டால், ஈ விருந்துக்கு வந்ததுபோல் மேலே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போய்விடும். சோப்பு விட்டால் கால் ஊன்ற முடியாமல் மூழ்கிவிடும். பழத்தை எடுத்த பிறகும் வருகிறதென்றால் காலி ஜூஸ் பாட்டில், பிழியாமல் போட்ட துடைப்புத் துணி, அலமாரிக்குப் பின்னால் உருண்டுபோய் அழுகிய வெங்காயம் என்று தேட வேண்டியதுதான்.

தொட்டிச் செடிக்காரர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: தண்ணீர் அதிகம். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் மேல்மண்ணில்தான் அந்தக் கறுப்பு ஈயின் புழுக்கள் பூஞ்சையையும் இளவேரையும் தின்று வளர்கின்றன. விரலை வைத்துப் பார்த்து மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பவற்றை மட்டுமே பிடிக்கும்; எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

தோட்டத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. நாற்றமடிக்கும் இரை வைத்த ஈப் பொறியை வாங்கி வாசற்கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். பொறியின் வேலையே ஈயைக் கூப்பிடுவதுதான். வாசலில் வைத்தால் அக்கம்பக்கத்து ஈயெல்லாம் உங்கள் வாசலுக்கு வரும், கதவு திறந்ததும் பாதி உள்ளே வரும். வீட்டைவிட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ராத்திரியில் நீல விளக்கு எரியும் மின்பொறியும் தோட்டத்துக்கு உதவாது. வீட்டு ஈ பகலில் திரிகிற பிராணி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தார் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுத் தோட்டங்களில் வைத்த மின்பொறிகளில் செத்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மனிதரைக் கடிக்கும் கொசு வகையறா வெறும் 31. மற்றவற்றில் தீங்கில்லாதவையும் நமக்கு உதவுபவையும் ஏராளம். அதே பொறியைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்டுகிறவர்களும் உண்டு. படீரென்று வெடிக்கும் பூச்சியின் துணுக்குகள் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உரக்குழியில் தட்டையாய்ப் பெருத்த சாம்பல் பழுப்புப் புழுக்களைக் கண்டதும் அலறி மருந்தடிக்க வேண்டாம். கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள் அவை. கழிவைக் கடகடவென்று தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் உட்காராது. உரக்குழிக்கு வேண்டியது மருந்தல்ல, ஒவ்வொரு முறை ஈரக் கழிவு போட்டதும் மேலே ஒரு சாண் காய்ந்த சருகு. பூக்களின் முன் அந்தரத்தில் நின்று பறக்கும் கோடு போட்ட ஈயையும் விட்டுவிடுங்கள். அந்த இனத்தில் பலவற்றின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்பவை.

ஈ வராமலிருக்க வாசலில் தண்ணீர்ப் பை கட்டித் தொங்கவிடுவது பற்றிக் கேட்கிறார்கள். கட்டுகிற நேரத்தில் ஒரு மின்விசிறியைத் திருப்பி வைக்கலாம். காற்றை எதிர்த்து ஈயால் நிலையாகப் பறக்க முடியாது. ஈ மட்டை பிடித்தவர்களுக்கும் ஒரு குறிப்பு: உட்கார்ந்த இடத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். மட்டை வரும் திசையைக் கண்ட கணத்திலேயே ஈ காலை நகர்த்தித் தாவத் தயாராகிவிடுகிறது. எந்தப் பக்கம் தாவுமோ அங்கே, கொஞ்சம் முன்தள்ளி அடியுங்கள்.

சரி, என் சாக்கடை ஈக்கு வருகிறேன். கண்டுபிடித்த உற்சாகத்தில் கொதிநீரையும் ப்ளீச்சையும் மாறி மாறி ஒவ்வொரு நாளும் ஊற்றினேன். (ஒரே நாளில் இரண்டையும் ஊற்றிவிடாதீர்கள், சூடு பட்ட ப்ளீச் மூச்சை அடைக்கும்.) அதுவும் தவறுதான். குழாயின் உட்சுவரில் பாசிபோலப் படிந்திருக்கும் வழவழப்புக்குள் புழு இருக்கிறது. ஊற்றியதெல்லாம் அதன் மேலே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் நீளப் பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்தபோது சாம்பல் நிறத்தில் வந்த கசடைப் பார்த்து இரண்டு நாள் அந்தப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. அன்றிரவு துளையின் மேல், காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, பசைப்பக்கம் கீழாக டேப் ஒட்டினேன். காலையில் நான்கு ஈ ஒட்டியிருந்தது. தேய்த்தும் பயனில்லையோ என்று தோன்றியது. ஆனால் முன்பே கூட்டுப்புழுவானவை வெளிவர வேண்டும், வந்தவையும் இரண்டு வாரம்வரை உயிரோடிருக்கும். வாரம் இரண்டுமுறை தேய்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வாரம் டேப் வெறுமையாக இருந்தது. வினிகர் கிண்ணத்தை அன்றைக்குத்தான் கழுவிக் கவிழ்த்தேன்.