டேர்ட் ஜம்ப் சைக்கிளுக்கு ஃபோர்க் வாங்கும்போது விடும் தவறுகள்

திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம் ஒரு வெறுங்காணியில் பெடியன்கள் டேர்ட் ஜம்புக்கு, அதாவது சைக்கிளில் ஏறிப் பாய, செம்மண்ணைக் குவித்து இரண்டு மேடு கட்டியிருக்கிறார்கள். போன ஞாயிறு பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஒரு தம்பி தான் புதிதாக மாட்டிய ஃபோர்க்கை, அதாவது முன்சில்லைப் பிடித்திருக்கும் அமுங்கும் கவையை, காட்டினான். ஹாண்டிலில் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கி, "பாருங்க அண்ணா, எவ்வளவு சொஃப்டா இறங்குது" என்றான். ஃபோர்க்கின் காலில் 140 என்று ஸ்டிக்கர். இதையே நானும் ஒரு காலத்தில் ஆசையோடு செய்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நிறத்தைப் பார்த்து வாங்காதே, ஆட்டம் இருக்கிறதா என்று பார் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிராவல் கூடினால் நல்லது என்ற நினைப்பு

டிராவல் என்பது ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கும் என்ற அளவு. கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் வேகமாக வருகிறவருக்கு 140, 160 மிமீ தேவைப்படும். மேட்டில் ஏறிப் பாய்கிறவருடைய தேவை வேறு. மேட்டின் முகத்தில் நாம் சைக்கிளை மண்ணுக்குள் அழுத்துகிறோம். மண் திருப்பித் தள்ளுவதுதான் நம்மை மேலே தூக்குகிறது. ஃபோர்க் மெத்தை மாதிரி இருந்தால் அந்த அழுத்தத்தை அதுவே விழுங்கிவிடும். முன்சில்லு தாழ்ந்தபடியே விளிம்பை விட்டுக் கிளம்பும், எதிர் மேட்டை எட்டாமல் முகப்பில் போய் இடிக்கும். ராக்ஷாக்ஸ் பைக் (Pike) டிஜே, மார்சோக்கி பாம்பர் டிஜே போன்ற ஃபோர்க்குகள் 100 மிமீ டிராவலோடு வருவது காசை மிச்சம் பிடிக்க அல்ல. இந்த வேலைக்கு அதுவே போதும்.

இதைவிடப் பெரிய சேதம் ஃபிரேமுக்கு. ஃபோர்க் 20 மிமீ நீண்டால் ஃபிரேமின் கழுத்தின் (ஃபோர்க்கின் குழாய் நுழையும் ஹெட் டியூப்பின்) கோணம் ஏறத்தாழ 1 பாகை சாயும். 100 மிமீக்கு வடிவமைத்த ஃபிரேமில் 140ஐ மாட்டினால் 2 பாகை. முன்பக்கம் உயரும், பெடலும் உயரும், ஹாண்டில் சோம்பலாகத் திரும்பும். நீண்ட ஃபோர்க் நெம்புகோல் போல வேலை செய்வதால் ஒவ்வொரு தரையிறக்கத்திலும் ஹெட் டியூப்பைக் கூடுதலாக நெம்பும்.

எனக்கு விற்றவர், "பெரிய ஃபோர்க், பெரிய பாய்ச்சலைத் தாங்கும்" என்றார். நம்பினேன். இரண்டு மாதம் பாய்ந்தேன். ஒரு நாள் உப்புவெளியிலிருந்து வந்து சைக்கிளைத் துடைக்கும்போது, ஹெட் டியூப்பும் அதிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூப்பும் சேரும் வெல்டிங்குக்குக் கீழே தலைமயிர் அளவு ஒரு கோடு தெரிந்தது. கீறல் என்று நினைத்து ஈரத் துணியால் தேய்த்தேன். போகவில்லை. நகத்தை வைத்தேன், மாட்டியது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டியபோது அந்தக் கோடு வாய் திறந்தது. உள்ளே துருவின் செம்மை. காற்றில் இருக்கும்போது அது முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்றிரவு தூக்கமே வரவில்லை. ஃபோர்க்குக்குக் கொடுத்த காசும் போய், ஒரு நல்ல ஃபிரேமும் போனது. இன்றைக்கும் யாராவது அந்த வசனத்தைச் சொன்னால் கோபம்தான் வருகிறது.

ஆகவே டிராவலை மட்டும் கேட்காதீர்கள், நாடாவை எடுங்கள். அச்சின் நடுவிலிருந்து ஃபோர்க்கின் தோள் முடியும் இடம்வரை அளந்து, சைக்கிளோடு வந்த ஃபோர்க்கின் அளவோடு ஒப்பிடுங்கள். 29 அங்குலச் சில்லுக்குச் செய்த ஃபோர்க், டிராவல் 100 ஆகவே இருந்தாலும், 26க்குச் செய்ததைவிட நீளமாக இருக்கும். இதில் ஏமாறுகிறவர்கள் பலர். தம்பியின் ஃபோர்க்கையும் அங்கேயே அளந்தோம், முந்தியதைவிட 4 சென்டிமீட்டர் கூட. சில மாதிரிகளில் உள்ளே இருக்கும் ஏர் ஷாஃப்டை (டிராவலைத் தீர்மானிக்கும் தண்டை) மாற்றி டிராவலைக் குறைக்கலாம். அவனுடையது அந்த வகை. பாகத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து மாற்றும்வரை மேட்டுப் பக்கம் போவதில்லை என்று சொல்லியிருக்கிறான்.

கடையில் அமுக்கிப் பார்த்து முடிவெடுப்பது

கைக்குச் சுகமாக இறங்கும் ஃபோர்க் பாய்ச்சலுக்குப் பொருந்தாது. ஏறி நின்றால் 100 மிமீயில் 10 முதல் 15 மிமீ இறங்கினால் போதும். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று தாங்கும் ஏர் ஃபோர்க்கில் இதைக் காற்றால் சரிசெய்யலாம். அதற்கு ஷொக் பம்ப், அதாவது ஃபோர்க்குக்கென்றே செய்த சிறிய கைப்பம்ப், வேண்டும். ரயர் கடைக் கம்ப்ரசரைப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். உள்ளே இருக்கும் காற்றறை மிகச் சிறியது, ஒரு நொடியில் அளவு மீறிவிடும். ஸ்பிரிங் ஃபோர்க்கில் மேலே உள்ள குமிழைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது, தொடக்க அழுத்தம் மட்டுமே கூடும். உங்கள் எடைக்கான ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

9 மிமீ குயிக் ரிலீஸ் அச்சு

நெம்பைத் திறந்து சில்லைக் கழற்றும் மெல்லிய அச்சு இது. வேண்டாம். 15 அல்லது 20 மிமீ அச்சு, அதற்கேற்ற ஹப் (சில்லின் நடுப்பகுதி) பாருங்கள்.

கழுத்துக் குழாய்

ஃபோர்க்கின் மேலே நின்று ஃபிரேமின் கழுத்துக்குள் நுழையும் குழாய் இது. கீழே 1.5 அங்குலமாக அகலும் குழாய், நேரான 1 1/8 அங்குலக் கழுத்துள்ள ஃபிரேமுக்குள் போகாது. பழைய ஃபோர்க் என்றால் முன்னவர் குழாயை வெட்டியிருப்பார். எவ்வளவு மிச்சம் என்று அளந்த பிறகு காசைக் கொடுங்கள்.

கடற்காற்றை மறப்பது

திருகோணமலையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மலிவான ஃபோர்க்குகளின் உள்கால்கள் குரோம் பூசிய இரும்பு. உப்புக் காற்று பட்டால் பூச்சில் ஊசிமுனை அளவு குழிகள் விழும், அவை ஒயிலைத் தடுக்கும் ரப்பர் சீலை (seal) அரித்துக்கொண்டே இருக்கும். நகத்தை உள்காலின் மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது தட்டினால் அந்த ஃபோர்க்கை விட்டுவிடுங்கள். தட்டவில்லை என்றால், காலைத் துடைத்துவிட்டு பத்துத் தடவை அமுக்குங்கள். மெல்லிய ஈரம் போல ஒயில் படிவது வழமை. வளையமாகத் திரண்டு வழிந்தால் சீல் போய்விட்டது. சீல் செட்டின் விலையைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.